கடலுக்குள் ஒரு பிரசவ வார்டு

தணிகாசலம் சார் போய்விட்டார். நேற்று மதியம், வடலூர் வீட்டில்... சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நல்ல சாவு என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனாலும் ஒரு வேலையும் ஓடவில்லை.

நெய்வேலி சுரங்கத்தில் சர்வே செக்‌ஷனில் ரிட்டயர் ஆனவர். பிறகு டவுன்ஷிப்பில் எங்கள் சின்ன மேப்பிங் ஆபீசில் கான்ட்ராக்டில் சேர்ந்தார். பக்கத்து மேசை நான்.

சேட்டிலைட் எடுத்த கடல் படத்தில் தண்ணீரின் சூடும் நிறமும் எங்கே மாறுகிறது, மீன் எங்கே கூடும் என்று தமிழில் குறித்து, கடலூர்ப் பக்கம் ஒரு மீனவ ஊருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் எங்கள் வேலை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சார் வடலூர் சன்மார்க்கக்காரர். கவிச்சி தொடமாட்டார்!

அந்த ஊர்க்காரர்கள் அன்போடு கொடுக்கும் வஞ்சிரமெல்லாம் நேராக என் வீட்டுக்கு வரும். "கண்டுபுடிக்கிறது நானு, திங்கிறது நீயி... நடத்தும்மா" என்பார். என் வீட்டுக்காரருக்கு அவர் தெய்வம்.

அப்புறம் அந்த பிளாக் கதை... டவுன்ஷிப்பே பிளாக் பிளாக்காகப் பிரித்ததுதான், அதனால் நெய்வேலிக்காரர்களுக்கு உலகமே பிளாக்தான். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "எந்த பிளாக்?" அதே பழக்கத்தில் சார் கடலையும் கட்டம் கட்டி, பிளாக் 1, பிளாக் 2 என்று போட்டு அனுப்பிவிட்டார். நானும் கவனிக்கவில்லை.

ஊர்த் தலைவர் கலியமூர்த்தி அண்ணன் போன் பண்ணினார். "இன்னா சார், கடல்ல எப்ப குவார்ட்டர்ஸ் கட்டி வுட்டீங்க?"

ஆபீசே சிரித்தது. ஆனால் கொஞ்ச நாளில் அவர்களே "பிளாக் ஏழுல சங்கரா கெடக்குது சார்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பிளாக் பன்னிரண்டு மட்டும் சிரிப்பாக இல்லை. அங்கே ஒரு பாறைத்திட்டு. மீன் பிடித்த இடங்களை அவர்கள் ஜிபிஎஸ்ஸில் குறித்து அனுப்ப, மேப்பில் ஏற்றிப் பார்த்தோம்... சில மாதங்களில் அந்தத் திட்டில் விழுவதெல்லாம் சினை மீன். வருஷா வருஷம் வரத்தும் குறைந்துகொண்டே வந்தது.

அந்த மாதங்களில் மட்டும் அங்கே வலை போடாமல் இருந்தால் போதும். சார் சிவப்புக் கோடு போட்டு, 'தடை' என்று எழுதி, ஊர்க் கூட்டத்துக்கு எடுத்துப்போனார். நானும் போனேன்.

"எங்க கடல்ல எங்களுக்கே தடையா?" பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். இவர்கள் மாட்டோம் என்றால் அந்தத் திட்டு காலி.

சார் என் பேனாவை வாங்கி, 'தடை'யை அடித்துவிட்டு 'பிரசவ வார்டு' என்று எழுதினார்.

"எங்க ஊரு ஆஸ்பத்திரிகிட்ட வந்தா லாரிக்காரங்ககூட ஹாரன் அடிக்க மாட்டாங்க. போர்டுக்குப் பயந்தா? உள்ள புள்ளத்தாச்சிங்க இருக்காங்கன்னுதாங்க..."

மீன் விற்கும் அஞ்சலை அக்காதான் கூட்டத்தின் பின்னாலிருந்து முதலில் வாயைத் திறந்தார். "பிரசவ வார்டுல ஆம்பளைங்களுக்கு இன்னாடா வேல? படகத் திருப்பிக்கினு வாங்க!"

ஊரே சிரித்துவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது.

அந்த மாதங்கள் கழிந்ததும் கலியமூர்த்தி அண்ணன் போன். "வார்டுல எல்லாரும் டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்களா சார்? வலை வுடலாமா?"

சார் அன்று ஆபீசுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில்... அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் இதே போன், இதே ஜிலேபி.

இன்று காலை அந்த ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். இந்த வருஷம் வார்டு மாதம் இன்னும் முடியவில்லை.

கலியமூர்த்தி அண்ணன் மாலையைப் போட்டார். அப்படியே குனிந்து, போனில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"சார்... வார்டு பக்கம் ஒருத்தரும் போவல. பாத்துக்கினுதான் இருக்கோம்."

போய் வாங்க சார். தாயும் சேயும் நலம்.