நல்ல நிலையில் இருந்த மைதானம்

வட்டக்கச்சியில் சின்னராசாவைத் தெரியாதவர் இல்லை. மாடுகளுக்கோ இன்னும் நன்றாகத் தெரியும். விடிந்தாலும் பொழுதுபட்டாலும் பூவரசந்தடியோடு ஊர் மைதானத்தில் நின்று அவற்றைத் துரத்துவது அவர் வேலை. சம்பளம் கிடையாது, கேட்டவரும் கிடையாது.

குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வடமராட்சியிலிருந்து வந்த மனிதர். சொந்த வயலில் களை முழங்காலுக்கு நிற்கும்; மைதானத்தில் ஒரு நெருஞ்சியைக் கண்டால் இவருக்குச் சோறு இறங்காது. மனைவி இராசேஸ்வரி, "அந்த மைதானத்தையே கட்டியிருக்கலாமே" என்று ஏசினால், "நெல்லு விதைக்காமல் விட்ட நிலம் இது ஒண்டுதான். மனிசன் சிரிக்கவும் ஒரு காணி வேணுமெல்லோ?" என்பார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

அறுபத்தோராம் ஆண்டு அந்தக் காணிக்கு ஆபத்து வந்தது. கிராமசபைத் தலைவர் ஐயாத்துரை வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார். வேலி அடைக்கவும் திருத்தவும் அரசாங்கப் பணம் வந்தால் மைதானம். வராவிட்டால் அந்த இடத்தில் நெல்லுக் களஞ்சியம். பணம் வருமா என்பது, நிலைமையைப் பார்க்க வரும் உத்தியோகத்தர் எழுதும் அறிக்கையில் இருந்தது.

சின்னராசா சந்தோஷத்தில் துள்ளினார். குறைக்கா பஞ்சம்? பதினொரு குழி. வேலியில் மாடு நுழைகிற அளவுக்கு இரண்டு பெரிய பொட்டு. கறையான் தின்ற உதைபந்து கோல் கம்பம். கயிறறுந்த ஊஞ்சல். "ஒண்டையும் தொடாதேங்கோ! எங்கட குழியைக் கண்டால் ஐயா அழுதுபோடுவார்!" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார்.

உத்தியோகத்தர் வியாழக்கிழமை வருகிறார் என்று தந்தி வந்தது. புதன்கிழமை ஊர் திரண்டுவிட்டது.

"வீட்டுக்கு ஆள் வந்தால் கிழிஞ்ச பாயே போடுறது?" என்று கேட்டபடி பரமலிங்கம் இரண்டு வாழைமரத்தோடு வந்தார். அவ்வளவுதான். குலையோடு வாழைகள் வேலிப் பொட்டுகளில் ஏறின. கறையான் தின்ற கம்பத்தை மாவிலைத் தோரணம் மூடியது. சின்னராசா பத்து நிமிடம் தொண்டை கிழியக் கத்தினார். பதினோராவது நிமிடம் அவரும் மண் சுமந்துகொண்டிருந்தார். "ஐயா குழியில விழுந்தால் ஊருக்கெல்லோ வெக்கம்!" ஊஞ்சலுக்குக் கயிறு இல்லையென்றதும் தன் வீட்டுக் கிணற்றுக் கயிற்றையே அவிழ்த்து வந்து கட்டினார். பைத்தியம் தொற்றுநோய் என்று சும்மாவா சொல்கிறார்கள்!

மறுநாள் உத்தியோகத்தர் யோகநாதன் ஜீப்பில் வந்து இறங்கினார். மேளம், மாலை, இளநீர். மனிதர் பூரித்துப்போய் மைதானத்தைச் சுற்றிவந்தார். பிறகு கதிரையில் அமர்ந்து எழுதி, ஊரார் கேட்கட்டும் என்று உரக்க வாசித்தார்.

"மைதானம் மிக நல்ல நிலையில் உள்ளது. நிதி தேவையில்லை."

எல்லோரும் கைதட்டினோம். சத்தியமாகத் தட்டினோம்! புகழ்ச்சி காதில் விழுந்த அளவுக்கு மற்றது விழவில்லை. தவளை தன் வாயால் கெடும். நாங்கள் உபசாரத்தால் கெட்டோம். கைதட்டல் ஓய்ந்தபோதுதான் ஐயாத்துரையின் முகத்தைப் பார்த்தோம். அது களஞ்சியத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தது.

சின்னராசா பாய்ந்தார். ஒரு வாழையைக் கட்டிப்பிடித்து அடியோடு சாய்த்தார். "ஐயா, இது வேலியில்லை, பொட்டு! நாங்கள் பொய் சொல்லிப்போட்டம்!" மண்டியிட்டு இரண்டு கையாலும் குழியைத் தோண்டத் தொடங்கினார். பரமலிங்கம் தோரணத்தைப் பிடுங்க, கம்பம் பாதியாக முறிந்து அவர் காலடியில் விழுந்தது. அதன்பிறகு யாரைப் பிடிப்பது? நேற்று மூடிய கைகளெல்லாம் இன்று தோண்டின. "இஞ்ச வாங்கோ ஐயா, எங்கட குழிதான் பெரிசு!" என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மேளகாரர் காரணம் தெரியாமலே இன்னும் வேகமாக அடித்தார். உத்தியோகத்தர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"எழுதினதை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. கீழ ஒரு வரி சேர்க்கலாம்" என்றார். சேர்த்தார்.

"மேற்கூறிய நல்ல நிலை என்னை வரவேற்பதற்காக மட்டும், ஒரு நாளைக்கு, ஊராரால் செய்யப்பட்டது. வேலியும் திருத்தமும் அவசரம்."

மாசியில் லொறி வந்து கம்பிச் சுருள்களை இறக்கியது. வேலி முடிந்த பொழுதில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சின்னராசா மட்டும் நடு மைதானத்தில் நின்றார். துரத்த ஒரு மாடுகூட இல்லை. தேடி வந்த இராசேஸ்வரி, "என்ன, சாப்பிட வரேல்லையோ?" என்று கேட்டார். கிட்டப் போய்ப் பார்த்தால் மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

"இனி எனக்கு இஞ்ச என்னப்பா வேலை?"

இராசேஸ்வரி ஊஞ்சலைக் காட்டினார். "வந்து ஆட்டிவிடுங்கோ. நான் இன்னும் ஒருக்காலும் ஏறேல்லை."