கண்ணாடிக்குள் செந்தண்ணீர்

மெல்பர்னில் டிராமை விட்டு இறங்கியதும் என் மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். பெயர் பெற்ற ஓர் ஆடை நிறுவனத்தின் கடையில், கண்ணாடிக்குப் பின்னால், மாடி உயரப் படமாக நிற்கிறாள். வசந்தகாலத்துப் புதிய உடைகளுக்கான விளம்பரம். மெல்லிய பட்டு உடுப்பு, ஈரத் தலை, பின்னால் குற்றாலத்து அருவி. தெரிந்தவர்களெல்லாம் வாழ்த்து அனுப்புகிறார்கள். எனக்கோ அந்தக் கண்ணாடியை உடைக்க வேண்டும் போலிருக்கிறது.

அவளுக்குப் பின்னால் விழும் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கிறது. தென்காசிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வெள்ளையாக விழும் அருவி சிவந்தால் மலைமேல் பெருமழை, தலையில் சோப்பு நுரை இருந்தாலும் அப்படியே ஓட வேண்டும். மெல்பர்னில் பிறந்த என் மகள் தாரிணிக்குக் கடற்கரையில் காவலர்கள் நட்டுவைக்கும் எந்தக் கொடிகளுக்கு நடுவே நீந்தலாம் என்பதுதான் தெரியும்.

போன ஆடியில் படப்பிடிப்பு. கூட்டம் தொந்தரவு செய்யக் கூடாதென்று, காவலர் யாரும் நிற்காத ஒரு சிற்றருவிக்கு அவளைக் கூட்டிப் போனார்கள். மேலகரத்திலிருந்து என் அக்கா கோமதி துணைக்குப் போயிருந்தாள். அன்று சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

“சருகும் சுள்ளியுமா மெதந்து வருதுட்டி. ‘ஏறு மேல, ஏறு மேல’ன்னு தொண்டை கிழியக் கத்துதேன். படம் புடிக்கவன், நான் டாட்டா காட்டுதேன்னு நெனச்சு, அவனும் கைய ஆட்டுதான்! ஒம் மவ சிரிச்சிக்கிட்டு நிக்கா. சேலையச் செருகிக்கிட்டு எறங்கி, முடியப் புடிச்சு இழுத்துட்டேன். கோவிச்சுக்கிடாத.”

இருவரும் மேலே ஏறித் திரும்பிப் பார்க்கும்போது, தாரிணி நின்ற பாறையைக் காணோம். குழுவில் ஒருவன் ஓடி வந்து முதலில் கேட்டது, உடுப்பு கிழிந்துவிட்டதா என்று; தாரிணிதான் பிறகு எனக்குச் சொன்னாள். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. பிள்ளைக்கு அடிபட்டதா என்று கேட்கிறான் என நினைத்து, “ஒண்ணும் ஆவலய்யா, நல்லாருப்பிய” என்று அவனைக் கும்பிட்டிருக்கிறாள். அந்தக் கும்பிடுதான் இன்றுவரை எனக்குத் தீயாக எரிகிறது.

போன வாரம் கடைக்குள்ளேயே போய்விட்டேன். நான் அந்தப் பெண்ணின் அம்மா, படத்தை எடுங்கள் என்றேன். விற்பனைப் பெண் முகம் மலர்ந்தாள். “எவ்வளவு பெருமையாக இருக்கும் உங்களுக்கு! அந்தப் பழுப்புதான் இந்த முறை எங்கள் நிறம்” என்று அதே நிறத்தில் ஒரு கழுத்துத் துணியை விரித்துக் காட்டினாள்.

“அந்தத் தண்ணீர் அவளைக் கொல்ல வந்தது.”

“ஆமாம், என்ன ஒரு வேகம், இல்லையா?” என்றாள், ரசித்து.

நேற்று தாரிணியும் என்னோடு வந்தாள். “விடும்மா, அடுத்த சீசனுக்கு அவங்களே மாத்திருவாங்க” என்றாள். எப்படி விடுவது? கண்ணாடியைப் படபடவென்று தட்டி, “ஏட்டி, ஏறுட்டி மேல!” என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற மகள், காய்ந்த சூடான கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் நின்றவள் தண்ணீரைவிட்டு ஏறவில்லை. கடைக்குள்ளிருந்து அந்த விற்பனைப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, கையை ஆட்டினாள்.