எஞ்சினுக்குக் காட்டாத கற்பூரம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஜனவரி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை. மெல்பேர்னுக்குத் தென்கிழக்கே, ட்ரெய்லரில் படகுகளைக் கொண்டுவந்து கடலில் இறக்குகிற ஒரு துறை. அங்கே என் குடும்பத்தையும் என் மனைவியின் அக்கா குடும்பத்தையும் நான் கொல்லப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

நான் மெல்பேர்ன் புறநகரான டண்டினொங்கில் ஃபோர்க்லிஃப்ட் திருத்துகிறவன். இருபது வருடத்துக்கு மேலாக அதுதான் வேலை. என் வாய் சரியில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். என் கை சரியில்லை என்று ஒருவனும் சொன்னதில்லை.

அந்தப் படகை ஒரு வீட்டுப் பின்வளவில், கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே கண்டேன். இருபத்துநாலு அடி. முன்பக்கம் நாலு பேர் படுக்க ஒரு அறை, ஒரு மூலையில் அடுப்போடு சின்னக் குசினி, ஒரு கழிவறை. நடுவில் தட்டுக்குக் கீழே பெற்றோல் எஞ்சின். முப்பது வருடப் பழசு. பார்த்தவர்கள் எல்லோரும் கொழுத்தித்தான் போடவேண்டும் என்றார்கள். நான் வாங்கி வந்து வீட்டு முன்வாசலில் நிறுத்தினேன். மனைவி அன்றிலிருந்து காரைத் தெருவில் விட்டாள்.

பதினாலு மாதம் வேலை செய்தேன். தரையை மிதித்தால் பேக்கரிப் பாண் மாதிரி அமுங்கியது. ஃபைபருக்குக் கீழே பலகை முழுக்க உக்கல். வெட்டி எடுத்து, புதுப் பலகை வைத்து, மூன்று அடுக்கு ஃபைபர் போட்டேன். உப்புத்தண்ணீர் தின்ற எஞ்சின் பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவை பூட்டினேன். வயர் ஒன்றுவிடாமல் புதிது. மீன் காட்டும் திரை, புது விளக்குகள், புதுத் தண்ணீர்ப் பம்பி. மெத்தைகளுக்கு மனைவி உறை தைத்தாள். பக்கப் பலகைகளை நானே இழைத்து ஆறு தரம் வார்னிஷ் அடித்தேன். முகம் பார்க்கலாம். அவ்வளவு மினுக்கம்.

படகுச் சாமான் விற்கும் கடைக்காரன் ஒருநாள் சொன்னான், பெற்றோல் ஓடுகிற றபர்க் குழாய் எல்லாவற்றையும் மாற்று, மேலே பெற்றோல் ஊற்றுகிற மூடியிலிருந்து தாங்கிக்குப் போகும் தடித்த குழாயையும் சேர்த்து மாற்று என்று. தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய்களை மாற்றினேன். அந்தத் தடித்த குழாய் மட்டும் பக்கப் பலகைக்குப் பின்னால் ஓடியது. மேல் துண்டைக் கையால் தடவிப் பார்த்தேன். நல்லாய்த்தான் இருந்தது. இருபது வருடமாக எஞ்சினோடு கிடக்கிறவனுக்கு நீ படிப்பிக்காதே என்று அவனுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் கானால் தாங்கிக்குக் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி, எஞ்சின் சூடாகாமல் இருக்கத் தண்ணீர்க் குழாயைப் பூட்டி ஓட்டினேன். ஒரு முறுக்கில் பிடித்தது. தெருவே எட்டிப் பார்த்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

என் சகலன், அதாவது மனைவியின் அக்காவின் புருஷன், கணினியில் வேலை செய்கிறவன். ஸ்பானரைத் தலைகீழாகப் பிடிப்பான். வரும்போதெல்லாம் படகைச் சுற்றி நடந்து நக்கல் அடிப்பான்.

"என்ன கப்டன், கப்பல் எப்ப வெளிக்கிடுது? சொன்னியளெண்டால் நாங்கள் நீந்தப் பழகிப்போட்டு வரலாம்."

படகின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. கரையில் நிற்கும்போது அதைத் திறந்து விடுவார்கள். கடலில் இறக்கமுன் திருகுமூடியால் மூடவேண்டும். அதிலும் பிடித்தான். "உந்த ஓட்டையை மூட மறந்து கரையிலயே போட்டோட தாண்டுபோன ஆக்களின்ர வீடியோ எத்தினை பாத்திட்டன். எங்கட ஆளும் வருவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரமே அந்த மூடியைப் போட்டு இறுக்கிவிட்டேன். மறதி என்று இவன் வாயில் விழக்கூடாது. அவ்வளவுதான் என் யோசனை.

சனிக்கிழமை காலை போகிற வழியில் பெற்றோல் நிலையத்தில் தாங்கியை முட்ட நிரப்பினேன். முதல்முறையாக முட்ட. பிறகு முக்கால் மணித்தியால ஓட்டம், குலுங்கக் குலுங்க.

துறையில் இறங்கியதும் மச்சாள், மனைவியின் அக்கா, பூசைச் சாமான்களை வெளியே எடுத்தார். எங்கள் ஆட்கள் புது வாகனம் எடுத்தால் பூசை போடாமல் ஓட்டமாட்டார்கள். கார் என்றால் சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய், முன்னால் தேங்காய், பொனெற்றுக்குக் கற்பூரம். படகுக்கு என்ன முறை என்று யாருக்கும் தெரியாது. ட்ரெய்லரின் நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்தோம். படகின் முனையில் சந்தனமும் குங்குமமும். சகலன் கையில் போனை வைத்து எல்லாவற்றையும் வீடியோ பிடித்துக்கொண்டு நின்றான். மச்சாள் பட்டுச்சேலையோடு ஏணியில் ஏறினார். என் மனைவியும் நாலாம் வகுப்புப் படிக்கும் மகளும் ஏற்கெனவே மேலே. மகள் முன்னறைக்குள் மெத்தையில் குதித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, எஞ்சின் எங்க இருக்கு?" என்று மச்சாள் கேட்டார்.

"உங்கட காலுக்குக் கீழதான் அக்கா."

"அப்ப அந்த மூடியைத் திறவுங்கோ. எஞ்சினுக்குக் காட்டாமல் என்ன பூசை?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பதினாலு மாதம் பாடுபட்டது அந்த எஞ்சினுக்காகத்தானே. மூடியின் கொளுவியில் கையை வைத்தேன்.

உள்ளேயிருந்து மகள் கத்தினாள். "அப்பா, இட் ஸ்டிங்க்ஸ் இன் ஹியர்!"

"பெற்றோல் அடிச்ச போட் மணக்காமல் மல்லிகைப்பூவோ மணக்கும்? சும்மா இரு" என்றேன்.

மச்சாள் நெருப்புக்குச்சியைத் தட்டினார். கடல்காற்றில் அணைந்தது. அப்போது பக்கத்திலிருந்து, "ஓய்!" என்று ஒரு குரல். அடுத்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், நாற்பது வயதிருக்கும், மீன் பிடித்துவிட்டு வந்து தண்ணீர்க் குழாயால் தன் சின்னப் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஏதோ கத்தினார்.

"அங்கால பாக்காதேங்கோ அக்கா, உங்கட வேலையைப் பாருங்கோ. எங்களைக் கண்டால் உதுகளுக்கு வயித்தெரிச்சல்" என்றேன்.

மச்சாள் சேலைத் தலைப்பால் காற்றை மறைத்து இரண்டாவது குச்சியைத் தட்டினார். கற்பூரம் பிடித்தது. நான் கொளுவியை இழுக்கப் போனேன்.

தண்ணீர் வந்து அடித்தது. தூறல் இல்லை, குழாயை முழுக்கத் திறந்த அடி. தட்டம் பறந்து கொங்கிறீட்டில் போய் விழுந்தது. கற்பூரம், பூ, விபூதி எல்லாம் போச்சு. மச்சாள் தலையிலிருந்து கால்வரை நனைந்து "ஐயோ முருகா" என்று குந்திவிட்டார். அந்தப் பெண் நிறுத்தவே இல்லை. நெருப்பு அணைந்ததைப் பார்த்த பிறகுதான் குழாயைக் கீழே விட்டார்.

நான் ஏணியில் இறங்கவில்லை, குதித்தேன். அவருடைய முகத்துக்கு நேரே போய்க் கத்தினேன். இனவாதி என்றேன். எங்கள் கடவுளை அவமதிக்கிறாய், பொலிசைக் கூப்பிடுவேன் என்றேன். இன்னும் சொன்னேன், எழுத முடியாது. அவர் சொன்னதிலும் கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டு மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன்.

"பிள்ளையை இறக்கு. முதல் பிள்ளையை இறக்கு, பிறகு என்னைத் திட்டு. உன் படகு பெற்றோலில் நாறுது. நான் நிற்கிற இடத்துக்கே வருது."

"இப்பதான் நிரப்பினது, அதுதான் மணம்" என்றேன்.

"நிரப்பின மணம் எனக்குத் தெரியும். இது அது இல்லை."

மேலேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. "இஞ்சருங்கோ, உண்மையாவே மணக்குது. பிள்ளைக்குத் தலை சுத்துதாம்."

மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மச்சாளையும் இறக்கினோம். பட்டரி சுவிட்ச் போட்டிருக்கிறாயா என்று அந்தப் பெண் கேட்டார். இல்லை. இறக்கும்போதுதான் போட இருந்தேன். அந்த ஒன்றை மட்டும் அன்றைக்குச் சரியாகச் செய்திருந்தேன். ஒரு சுவிட்சையும் தொடாதே, மூடியை மட்டும் மெதுவாகத் தூக்கிப் பார் என்றார்.

ஏறித் தூக்கினேன். மணம் முகத்தில் அறைந்தது. புதிதாய்ப் பெயின்ற் அடித்த என் எஞ்சினுக்குக் கீழே, அடிப்பள்ளத்தில், பெற்றோல் தேங்கி நின்று வானவில் நிறம் காட்டியது. நாலு விரல் ஆழம் இருக்கும். கரையில் திறந்திருக்கவேண்டிய துளையை நான்தான் முதல்நாளே மூடி இறுக்கியிருந்தேன். இல்லாவிட்டால் வழியிலேயே ஒழுகி எனக்குக் காட்டிக்கொடுத்திருக்கும்.

நெருப்புப் பிடித்த கற்பூரத்தைக் காட்டுவதற்காக நான் திறக்கப் போனது அந்த மூடியைத்தான்.

மூடியை வைத்துவிட்டு ஏணியால் இறங்கினேன். அப்படியே ட்ரெய்லரின் சக்கரத்தில் சாய்ந்து இருந்தேன். பிறகும் புத்தி வரவில்லை. துளையைத் திறந்து வடிய விடுகிறேன் என்று எழும்பினேன். அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றார்.

"கடலுக்குள்ளேயா? ஒருத்தன் சிகரெட்டோடு நடந்து போனால்?"

அவரே தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து துறையில் பாதியை மூடினார்கள். நுரை அடித்தார்கள், தங்கள் பம்பியால் உறிஞ்சினார்கள். படகு இறக்க வந்த சனம் வரிசையில் நின்று எங்களைப் பார்த்தது. நாலு தேசிக்காயும் அப்படியே சக்கரத்துக்குக் கீழே. சகலன் போனை எப்போது சட்டைப்பையில் வைத்தானோ தெரியாது. அது எனக்கு நக்கலைவிடப் பெரிய அடி.

படிவம் நிரப்பிய தீயணைப்புக்காரர் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். மெக்கானிக் என்றேன். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அதை எழுதினார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மச்சாள் ஈரச்சேலையோடு அந்தப் பெண்ணிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர், அன்றைக்குத் தமிழ்தான் வந்தது. "நீ நல்லாயிருக்க வேணும் பிள்ளை" என்றார். மோதகப் பெட்டியை அப்படியே கொடுத்தார். அந்தப் பெண் நெளிந்த தட்டத்தைப் பொறுக்கிவந்து நீட்டி, இது உங்கள் சாமிக்கு என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அடித்திருப்பேன் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது வராது. அவர் மோதகத்தைக் கடித்துக்கொண்டு, "திருத்திக்கொண்டு வா. சனிக்கிழமைகளில் இங்கேதான் நிற்பேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்புக்கூட மாற்றவில்லை. அலவாங்குக் கம்பியை எடுத்து, ஆறு தரம் வார்னிஷ் அடித்த பக்கப் பலகையைப் பெயர்த்தேன். அந்தத் தடித்த குழாய் மேலே நான் தடவின துண்டில் நல்லாய்த்தான் இருந்தது. கீழே, தாங்கிக்குப் போகும் வளைவில், சுற்றிவர வெடித்துக் கிடந்தது. இழுத்தேன். கையோடு பிய்ந்து வந்தது. கொஞ்சமாய் ஊற்றினால் ஓடிப் போய்விடும். முட்ட நிரப்பினால் அந்த வளைவில் நின்று, குலுங்கக் குலுங்க வெளியே தள்ளும்.

வேலை இடத்தில் இதில் கால்வாசி வெடிப்புள்ள குழாயைக் கண்டாலே அந்த ஃபோர்க்லிஃப்டுக்குச் சிவப்பு அட்டை கட்டி ஓரம் கட்டுகிறவன் நான். அட்டையைக் கழற்றி ஓட்டின ஒருவனை அழவைத்து அனுப்பியிருக்கிறேன்.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இது பழுதாய் இருக்குமெண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். பலகைக்குப் பின்னால் இருந்தது, தெரியவில்லை என்று சொன்னால் நம்பியிருப்பாள்.

"பாக்க வேணுமெண்டு தெரியும். பலகையைக் கழட்டினால் வார்னிஷ் பழுதாப் போகுமெண்டு விட்டனான்" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் எனக்குச் சொல்லவேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்பினாள். அந்த மூன்று நாளும் எனக்குக் கோபம் வரவில்லை.

பிறகு படகில் இருந்த குழாய் எல்லாவற்றையும் மாற்றினேன். தாங்கியை வெளியே எடுத்துக் காற்று அடித்துச் சோதித்தேன். ஆவியை மணந்து கத்தும் கருவி ஒன்றும் பூட்டினேன். கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கெல்லாம் கழற்றக்கூடிய பலகை போட்டேன், வார்னிஷ் இல்லை, வெறும் திருகாணி. சித்திரை மாதத்தில் திரும்ப அதே துறைக்குப் போனோம். அந்தப் பெண் கேட்காமலே ஏணியில் ஏறி, மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு மணந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். "போ" என்றார். மச்சாள் கற்பூரத்தை வீட்டுச் சாமியறையிலேயே காட்டிவிட்டு விபூதியை மட்டும் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். எஞ்சினுக்கு அதுவே போதுமாம். இப்போது அந்தப் படகு ஓடுகிற ஓட்டத்தை எந்தப் புதுப் படகோடும் வைத்துப் பார்க்கலாம். அதை நான் தயங்காமல் சொல்வேன்.

மரியாதையாகப் பேசப் பழகு என்று சின்ன வயதிலிருந்து எல்லோரும் எனக்குச் சொல்லி அலுத்துவிட்டார்கள். சரிதான், பழகவேண்டியதுதான். ஆனால் போன மாதம் என் மகள் பதினொரு மெழுகுதிரியை ஊதி அணைத்தபோது நான் நினைத்தது வேறு: அன்றைக்கு அந்தப் பெண் குழாயை வைத்துவிட்டுக் கிட்டவந்து, மன்னிக்கவேண்டும் என்று தொடங்கி எனக்கு மரியாதையாக விளங்கப்படுத்த ஒரு நிமிடம் எடுத்திருந்தால், ஊத இவள் இருந்திருக்கமாட்டாள்.