மருதாணி மங்குகிற வரைக்கும்

போன வாரம் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் பெண் என் முன்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இந்தப் பச்சையை லேசர்ல எடுத்துடலாம், தெரியுங்களா? வலிக்கவே வலிக்காது" என்றாள். வலிக்காதாம்! அதைக் கேட்டதும் ஜமீலா வந்து கண்முன்னே நின்றாள்.

அது இரண்டாம் உலக யுத்த காலம், எங்கள் இருவருக்கும் பத்து வயது இருக்கும். பாலக்கோட்டில் எங்கள் வீட்டுக்கும் ஜமீலா வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே கிணறு. அவள் அம்மாவைக் காலாம்மா என்றுதான் நானும் கூப்பிடுவேன். காலாம்மா கிண்டுகிற சேமியாவைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அது கிடக்கட்டும்.

சந்தை நாளில் புளியமரத்தடியில் பச்சை குத்துகிற குறத்தி உட்கார்ந்திருப்பாள். விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் கலந்த அந்த வாசனை இப்போதும் மூக்கிலேயே இருக்கிறது. என்னைக் கையில் தேள் உருவம் பச்சை குத்திக்கொண்டு வரச் சொல்லி வீட்டில், ஒரு படி கேழ்வரகு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எனக்கோ ஊசியைக் கண்டாலே ஒன்றுக்கு வந்துவிடும். என்ன செய்தேன் தெரியுமா? துணைக்கு வந்த ஜமீலாவின் கையைப் பிடித்து முன்னால் நீட்டினேன்.

"நீ மொதல்ல குத்திக்கடி. வலிக்குதான்னு சொல்லு, அப்பறம் நான் குத்திக்கறேன்."

நான் சொல்லி அவள் எதையும் மறுத்ததில்லை. மூன்று புள்ளிகள். உதட்டைக் கடித்துக்கொண்டு, "வலிக்கவேயில்லடி" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்க்காத மாதிரி நான் போய் உட்கார்ந்தேன். அப்புறம் வீறிட்டு ஊரையே கூட்டினேன்.

புள்ளிகளைப் பார்த்ததும் காலாம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அல்லா படைத்த உடம்பில் பச்சை குத்துவது அவர்களுக்கு ஆகாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சுண்ணாம்பு தேய்த்தாள், செங்கல் பொடி தேய்த்தாள். தோல் உரிந்ததே தவிரப் பச்சை போகவில்லை. தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற ஒளு கூடுமா, தொழுகை கூடுமா என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கேட்டாள்.

"வெவரம் தெரியாத புள்ள செஞ்சதுக்குப் பாவமில்லீங்கம்மா. மை தோலுக்கு உள்ளார இருக்குது, ஒளுவும் கூடும், தொழுகையும் கூடும். எடுக்கறேன்னு தோல ரணமாக்காதீங்க, அதுதான் தப்பு."

"அல்லா மன்னிச்சிருவான் ஹஸ்ரத். நாளைக்கு வர்ற சம்பந்தி மன்னிப்பாங்களா?"

நான்தான் குத்தச் சொன்னேன் என்று நானாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, பாவி.

அன்றிலிருந்து மருதாணிதான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை காலாம்மா அரைத்து அந்த இடத்தில் அப்புவாள். எங்கள் வேலியில் இருந்த செடியை மொட்டையடித்து நான்தான் பறித்துக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சில வருஷத்தில் ஓசூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. முழங்கை வரைக்கும் கல்யாண மருதாணி, அத்தனை அழகு! வண்டி ஏறுமுன் என்னைத் தனியாக இழுத்து, "பதினஞ்சு நாள் தாங்கும்டி. அப்பறம்? அந்த ஒரே எடத்துல வெச்சிட்டே இருந்தா மாமி வூட்ல கேக்க மாட்டாங்களா?" என்றாள்.

"ஒண்ணும் ஆவாது போடி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்கப்புறம் கிணற்றடியில் காலாம்மாவும் நானும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் தண்ணீர் சேந்தினோம். இரண்டு பேரும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம்.

இருபதாவது நாள் ஜமீலா மாமியாரோடு வந்தாள். மருதாணி வெளுத்திருந்தது. புள்ளிகளைக் காணோம். அந்த இடத்தில் நெல்லிக்காய் அகலத்துக்குத் தீக்காயம். "தோசைக் கரண்டி பட்டுடுச்சு" என்றாள். "புதுப்பொண்ணு நீ, அடுப்புகிட்டப் போகாதேன்னு சொன்னேன், கேட்டாத்தானே" என்று அந்த மாமியார் காயத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. காலாம்மா காயத்தைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

கிணற்றடியில் தனியாகப் பிடித்து, "வலிச்சுதாடி?" என்றேன்.

"வலிக்கவேயில்லடி" என்றாள்.

கிணற்றைத் தூர்த்து மேலே கடை கட்டிவிட்டார்கள். புளியமரம் இல்லை, காலாம்மா இல்லை, ஜமீலாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நர்ஸ் பெண்ணிடம் வேண்டாம்மா என்று கையை இழுத்துக்கொண்டேன். என் தேளைக் குறை சொல்லி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.