தப்பே ஆகாத தியரி

என் கணவர் புதுக்கோட்டையில் ஒரு ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். நான் குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பெண். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன். கல்யாணமான புதிதில், அன்று வகுப்பில் நடத்திய பாடத்தைச் சாயங்காலம் எனக்கும் நடத்துவார். ஒருநாள் எரிகிற மெழுகுவத்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடினார். அது அணைந்தது.

"ஏன் அணைஞ்சிச்சு?"

"காத்து இல்லாமப் போச்சு."

"அது நீ நெனைக்கிறது. அதுக்குப் பேரு தியரி. நெனச்சா மட்டும் போதாது. அது தப்பாப் போறதுக்கும் ஒரு வழி விட்டுச் சோதிச்சுப் பாக்கணும். அப்பவும் நின்னாத்தான் ஒத்துக்கணும்."

இப்படிப்பட்டவர் கிடைத்தாரே என்று அன்றைக்குப் பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அந்த வீட்டுக்குப் போன சில மாதங்களில் மாமனார் விடாத காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவே இல்லை. அடுத்து, கணவருடைய அண்ணன் மகன் அதே காய்ச்சலில் போனான். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் மாமியார் என்னைக் கைகாட்டிச் சொன்னார்:

"இவ கால் வச்ச நேரம். வந்ததுலேருந்து எழவுதான்."

கணவரின் அண்ணன் வக்கீல். பக்கத்தில் நின்றதாலேயே ஒருத்தன் குத்தினான் என்று ஆகிவிடுமா என்று கோர்ட்டில் கேட்டுக் கட்சிக்காரனை விடுவித்த கதையைச் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தவர். அவரும் தாயார் சொன்னதற்குத் தலையாட்டினார். மகனைப் பறிகொடுத்தவர், போகட்டும். என் கணவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே என்னைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு தைரியமும் இருந்தது. நான்தான் காரணம் என்றால், நான் இல்லாத வீட்டில் காய்ச்சல் வரக்கூடாது. வந்தால் அவர்கள் சொன்னது பொய்யாகிவிடும். அவர் சொல்லிக்கொடுத்த சோதனை தானாகவே நடக்கப்போகிறது என்று காத்திருந்தேன்.

வந்தது. வக்கீலின் மனைவியே படுத்துவிட்டார். என் அப்பா நியாயம் கேட்கப் போனார். திரும்பி வந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"போறப்ப நீ வயிறெரிஞ்சு போனியாம். அதான் பின்னாடியே வந்துருச்சாம்."

இருந்தாலும் நான், போனாலும் நான். இதை யார் எப்படிப் பொய்யென்று காட்டுவது?

வக்கீலின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவைப் பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சலுக்குப் பயந்து சொந்தக்காரர்கள் யாரும் துணைக்கு இருக்க வரவில்லை. அப்போது மட்டும் என் ஞாபகம் வந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் எழவு கொண்டுவருகிறவள், ஆஸ்பத்திரியில் பீத்துணி அலச மட்டும் ஆகிவந்தவள். அக்கா என்னை ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அவருக்காகப் போனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். கட்டைக்குரல், சிரிப்பே கிடையாது. காய்ச்சல் டைபாய்டு என்றார். வீட்டில் யார் யாருக்கு வந்தது, எந்த வரிசையில், யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று என்னைத் துருவினார். மாமனாரும் பையனும் தினம் பால் குடிப்பவர்கள் என்றேன்.

"பாலா இருக்கலாம். வீட்டுல சொல்லு, நல்லாப் பொங்கக் காய்ச்சாமக் குடிக்கக்கூடாது. அதுக்கப்புறமும் புதுசா யாருக்காவது வருதான்னு பாப்போம்."

கணவர் வந்தபோது சொன்னேன். அப்படியே செய்தார்கள். கொஞ்ச நாள் கழித்து வக்கீலின் மகளுக்கும் காய்ச்சல் வந்தது. தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா பிள்ளையின் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாலுன்னு நான் நெனச்சது தப்பு. வேற எதுவோ இருக்கு."

அவ்வளவுதான். முகம் சுருங்கவில்லை, குரல் இறங்கவில்லை. படித்த ஒருவர், தான் சொன்னது தப்பு என்று வாய்விட்டுச் சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவும் என் போன்ற ஒருத்தியிடம்.

அடுத்து தண்ணீரைப் பற்றிக் கேட்டார். கொல்லைக் கிணறு என்றேன். சுவருக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டுக் கக்கூஸ். மழைக்காலத்தில் அந்தச் சுவர் அடியில் கசிந்துகொண்டே இருக்கும். டாக்டரம்மா வக்கீலைக் கூப்பிட்டு, கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்கக்கூடாது, ஊருணித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். கிணற்றின் மேல் பலகை போட்டு மூடினார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. அக்காவும் மகளும் பிழைத்து வீடு போனார்கள்.

இனி என்னைக் கூப்பிடுவார்கள் என்று, டாக்டரம்மாவுக்கு ஒத்தாசையாக ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன். கூப்பிடவும் கூப்பிட்டார்கள். கணவர் வந்து ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்றார்.

"சனி பெயர்ந்துருச்சாம். இனிமே தோஷமில்லன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. அம்மா ஒன்னய வரச்சொல்றாங்க."

"கெணறுன்னு தெரிஞ்சு போச்சுல்ல. பொறவு எதுக்கு சனி?"

"அவங்க நம்பிக்கை. விடேன்."

"நீங்க என்ன நம்புறீங்க?"

"கெணறுதான்."

"அப்ப எல்லாரும் இருக்கயில அதச் சொல்லுங்க. இவ மேல குத்தமில்லன்னு ஒரு வார்த்த. நான் வாரேன்."

அவர் செருப்பால் மண்ணைக் கிளறினார். "அம்மா மனசு நோகும். பள்ளிக்கொடத்துல பேசுறதெல்லாம் வீட்டுல பேச முடியாது."

நான் போகவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லி மருத்துவச்சிப் படிப்பில் சேர்ந்தேன். அப்பா கோபப்பட்டார், அம்மா அழுதார். நான் அழவில்லை. அடுத்த தையில் கணவருக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைத்தார்கள். அவருக்கு உத்தியோக உயர்வு வந்ததும், புது மருமகள் வந்த ராசி என்று ஊர் முழுக்கச் சொன்னார்களாம். அதற்கும் கொதித்தேன். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு என்ன வரப்போகிறது என்பதுதான் எனக்குத் தெரியுமே.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்கு அவளைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தார்கள். வலி எடுத்து வெகுநேரம் ஆகியிருந்தது. நல்ல நேரம் பார்த்துத்தான் வண்டி கட்டியிருக்கிறார்கள். குழந்தை குறுக்கே கிடந்தது. டாக்டரம்மாவும் நானும் போராடித் தாயைக் காப்பாற்றினோம். குழந்தை இறந்தே பிறந்தது.

மறுநாள் காலையில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா, என் ராசின்னு சொல்றாக. அப்பன் வீட்டுக்கு அனுப்பிருவாகளாம்."

வார்டு வாசலில் மாமியாரும் வக்கீலும் என் கணவரும் நின்றார்கள். நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"நேத்தே கொண்டாந்திருந்தா உசிரோட பொறந்திருக்கும். வீட்டுல வச்சிருந்தது நீங்க. அவ இல்ல."

வக்கீல் குறுக்கிட்டார். "இது எங்க குடும்ப விஷயம். நீ பேசாத."

"பிரசவம் பாத்தது நான். நான்தான் பேசணும்." கணவரைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க. அவ காதுல விழுற மாதிரிச் சொல்லுங்க."

அவர் தாயாரைப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார்.

"அவ மேல குத்தம் இல்ல," என்றார். "நாமதான் காலந்தாழ்த்திட்டோம். அவள எங்கிட்டும் அனுப்ப முடியாது."

மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனார். வக்கீல் பின்னாலேயே போனார். கட்டிலில் அவள் விம்முவது கேட்டது.

அவளுக்காக எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த பிள்ளைக்கு, வலி எடுத்ததுமே அவளைக் கொண்டுவந்தார்கள். அழகான பெண்குழந்தை, நான்தான் கையில் வாங்கினேன். ஆனால் அன்று வார்டு வாசலில், அந்த வார்த்தைகள் அவர் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தன என்பதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. எனக்காக அதைச் சொல்ல அவரால் முடியவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.