தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்

காலை எட்டரை மணிக்கு தேவகி போன் செய்தார். கிளிஞ்சல்மேட்டில் படகுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தில் அவர் எழுத்தர்.

"சார், ஸ்கிரீன்ல ஏதோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. லிஸ்ட் வரமாட்டேங்குது. காத்து பலமா வருதாம், யாரு யாரு கடல்ல இருக்காங்கன்னு மீட்புப் படகுக்காரங்க கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

அந்த லிஸ்ட் நாங்கள் செய்து கொடுத்தது. காரைக்காலில் ஒரு மாடி அறையில் நானும் இன்னும் நான்கு பேரும் வெப் அப்ளிகேஷன் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தோம். கடலுக்குக் கிளம்பும்போது படகு எண்ணையும் ஆட்களின் பெயரையும் போனில் பதிய வேண்டும். கரை திரும்பியதும் மறுபடி ஒரு தட்டு. யார் கடலில், யார் கரையில் என்பது சங்கத்துக் கம்ப்யூட்டரில் தெரியும். முன்பு தேவகி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இனிமேல் அது வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னவன் நான்தான்.

சர்வரைத் திறந்து பார்த்தேன். எல்லா ஃபைல்களையும் யாரோ பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் தங்களைத் தொடர்புகொண்டு பணம் கட்டச் சொல்லி ஒரு குறிப்பு விட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கிளிஞ்சல்மேடு எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. எந்தெந்த சர்வரில் ஓட்டையுள்ள பழைய லைப்ரரி, அதாவது பிறர் எழுதி நாங்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோடு, ஓடுகிறது என்று ஒரு புரோகிராம் இணையம் முழுக்கத் தேடிக்கொண்டு போகும். எங்களுடையது அதில் மாட்டிக்கொண்டது.

அந்த ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். எட்டு மாதங்களுக்கு முன்பே எங்களோடு வேலை செய்த நஸ்ரின் மெயில் போட்டிருந்தார். ஃபிரேம்வொர்க்கோடு வரும் லைப்ரரி ஒன்று மிகப் பழைய வெர்ஷன். ஃபார்மில் பயனர்கள் நிரப்புவதைப் படிக்கும் இடத்தில் பிழை. அதன் வழியாக வெளியாள் எவரும் நம் சர்வரில் கமாண்ட் ஓட்டி நினைத்ததைச் செய்யலாம். புது வெர்ஷனில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு மாற எங்கள் கோடில் பாதியைத் திருத்த வேண்டும். இரண்டு வார வேலை.

மெயிலோடு நிற்காமல் நேரிலும் வந்து சொன்னார். "சார், இதத் தள்ளிப்போடக் கூடாது. ஓட்டை இருக்குன்னு உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு."

"நல்லா ஓடிட்டிருக்கும்மா. இப்ப கை வச்சு நின்னுபோச்சுன்னா என்ன பண்றது? மீன்பிடித் தடைக்காலத்துல படகு கம்மியாத்தான் போகும். அப்பப் பாத்துக்கலாம்."

தடைக்காலம் வந்தது. கூடவே ஒரு கல்லூரியின் இணையதள வேலையும் வந்தது. நஸ்ரின் மறுபடி நினைவூட்டினார். தலையாட்டினேன். தடைக்காலம் முடிந்தது.

முந்தைய நாள் வரைக்குமான பேக்கப் வேறிடத்தில் இருந்தது. பத்து மணிக்குள் புது சர்வரில் ஏற்றிவிட்டோம். ஆனால் அன்று விடியற்காலையில் கிளம்பியவர்களின் பதிவு அதில் இல்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது அது மட்டும்தான்.

தேவகியும் சங்கத்து ஆட்களும் வீடு வீடாகப் போய் விசாரித்துப் பட்டியல் எழுதினார்கள். பதினோரு படகுகள். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒரு மணிக்குப் பதினொன்றும் வந்துவிட்டன. நிம்மதியாக ஒரு டீ வாங்கிக் குடித்தேன். அந்த டீயை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இரண்டு மணிவாக்கில் திருவேட்டக்குடியிலிருந்து ஒரு பெண் வந்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொல்றாங்களே, எங்க வீட்டுக்காரரு எங்கங்க? போன் போகவே மாட்டேங்குது."

அவர் கணவர் அஞ்சப்பனும் அஞ்சப்பனின் தம்பி கலைமணியும் குடியிருப்பது திருவேட்டக்குடியில். படகை நிறுத்துவது கிளிஞ்சல்மேட்டில். வீடு வீடாகக் கேட்டவர்கள் அந்த ஊருக்குப் போகவில்லை. பன்னிரண்டாவதாக ஒரு படகு இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நாலரை மணிக்கு மீட்புப் படகு அவர்களுடைய ஃபைபர் படகைக் கண்டுபிடித்தது. கவிழ்ந்து கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கலைமணி மட்டும் இருந்தார். அஞ்சப்பனின் உடல் மறுநாள் கரை ஒதுங்கியது.

சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் 'எதிர்பாராத சைபர் தாக்குதல்' என்று போட்டிருந்தேன். நஸ்ரின் அதைப் படித்துவிட்டு, "எதிர்பாராததா சார்?" என்று மட்டும் கேட்டார். நான் அந்தச் சொல்லை அடிக்கவில்லை. அந்த மாதமே அவர் வேலையை விட்டுப் போனார்.

இரண்டு மாதங்கள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. கலைமணியின் வீட்டுக்குப் போய் மெயில் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் சொன்னார்.

"படகு கவுந்தப்புறமும் பன்னெண்டு, பன்னெண்டரை வரைக்கும் அண்ணன் எங்கூடப் பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு சார். 'பேரு பதிஞ்சுட்டுத்தானடா வந்தோம், தேடி வந்துருவாங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

 அவர் தொடர்ந்தார்.

"சரி பண்ண நேரமில்ல, விடுங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. யாராவது ஒருத்தர் கரையில நின்னு எண்ணியிருப்போம்."

அடுத்த சங்கக் கூட்டத்தில் ரிப்போர்ட்டைத் திருத்தி வாசித்தேன். நஸ்ரினின் மெயிலையும் வாசித்தேன். யாரும் திட்டவில்லை. அப்ளிகேஷனை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சில ஓட்டைகளை அன்றைக்கே அடைக்க முடியாமல் போகும். அதை உங்கள் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மென்பொருளை நம்பி இருப்பவர்களிடம் போய், அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுங்கள். நம்புவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். அஞ்சப்பனுக்கு அந்த முடிவை எடுக்க நான் இடம் கொடுக்கவில்லை.