கதவண்ணன் இரண்டாம் வகுப்புக்குப் போன கதை

கதவண்ணனை நான் முதலில் சந்தித்தது என் நண்பனுக்கு அடியில் கிடந்தபடி. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான் என்ற மிதப்பில், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, அந்த மாடி கிளப்பின் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். முன்னால் போன நண்பன் வாசலில் நின்றவரிடம் வாயைக் கொடுத்தான். அடுத்த கணம் முதுகுப்புறமாக வந்து என்மேல் விழுந்தான். மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"படிச்ச புள்ளைங்கதானே? படியில பார்த்து இறங்குங்க."

உருண்ட களேபரத்தில் குடையை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எடுக்கப் போனால், கிளப்பின் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு ஸ்விங் என்ற மேல்நாட்டு ஜோடி நடன வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நடுவில் அதே மனிதர், ஒரு பெண்ணின் விரல்களைக் கண்ணாடிச் சாமான் மாதிரி பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். நானும் தொடக்க வகுப்பில் சேர்ந்தேன். இன்னும் அதைத் தாண்டவில்லை. அதன் பிறகு நடந்ததில் பாதி நான் பார்த்தது, மீதி சம்பந்தப்பட்டவர்கள் வாயால் கேட்டது.

வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதால் அவருக்குக் கதவு என்று பெயர். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருக்கும். வலது காதின் மடலை ஒரு குடிகாரன் கடித்துத் துப்பிவிட்டான். காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கியவரை, ஒரு கைகலப்பில் பார்த்துவிட்டு கிளப் முதலாளி வாசல் காவலுக்குக் கையோடு கூட்டிவந்தார். இடக்கைக்காரர். சண்டையில் அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. எதிராளியின் மணிக்கட்டைப் பிடிப்பார். பிடிபட்டவன் பயத்தில் பின்னால் இழுப்பான். அந்த இழுப்பையே வாங்கி முறுக்கி, முழங்கையை மேலே தூக்குவார். ஆள் தானாக மண்டி போடுவான். மண்டி போட மறுத்தவர்களின் எலும்பு முறிகிற சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி என்பார்.

நடனத்துக்கு வந்தது தற்செயல். ஒரு ஞாயிறு ஆண்கள் குறைந்துபோக, டான்ஸ் மாஸ்டர் வாசலைப் பார்த்து, "அண்ணே, சும்மாதானே நிக்கறீங்க, இங்க வந்து நில்லுங்க" என்றார். நின்றவர் ஆடினார். அந்த உடம்புக்குள் அத்தனை தாளம் எங்கே ஒளிந்திருந்தது என்று யாருக்கும் புரியவில்லை. வாசலில் அவரைக் கண்டாலே ஒதுங்கும் பெண்கள், ஞாயிற்றுக்கிழமை அவருடன் ஆட முறை வைத்துக் காத்திருந்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் அவர் கையைத் தானாக வந்து பிடித்தார்.

அப்படிப் பிடித்தவர் கத்தரியக்கா. சலூனில் முடி வெட்டுகிறவர், வாயும் கத்தரிதான்.

"யோவ் கதவு, என்னய்யா இவ்வளவு மெதுவா பிடிக்கறே? நான் என்ன பழுத்த தக்காளியா?"

"சந்தையில பழக்கங்க. அழுத்தினா வாங்கிட்டுத்தான் போகணும்பாங்க."

தொடக்க வகுப்பு முடிந்து இருவரும் இரண்டாம் வகுப்புக்கு ஏறினார்கள். அங்கேதான் வினை. முதல் வகுப்பில் ஜோடி அருகருகே நின்று ஆடினால் போதும். இரண்டாம் வகுப்பில் பிரிய வேண்டும். ஆட்டத்தை நடத்துகிறவர் தன் இடக்கையால் ஜோடியின் வலக்கையைப் பிடித்தபடி அவரை வெளியே அனுப்புவார். போனவர் முழு எடையையும் பின்னால் சாய்ப்பார். இரண்டு கைகளும் கயிறு மாதிரி விறைக்கும். அந்த விறைப்பிலிருந்துதான் திரும்பி வரும் வேகம் கிடைக்கும்.

"இழுக்காதீங்கண்ணே" என்றார் மாஸ்டர். "அவங்க போகட்டும். போனாத்தான் வருவாங்க."

வாத்தியம் வேகம் பிடித்தது. கத்தரியக்கா சிரித்துக்கொண்டே வெளியே போனார். நம்பிக்கையோடு மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்தார். பிடிபட்ட கை பின்னால் இழுத்தது. கதவண்ணனின் இடக்கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். முறுக்கி மேலே தூக்கியது.

சத்தம் வாத்தியத்தையும் தாண்டிக் கேட்டது. அக்காவின் வலது தோள் மூட்டை விட்டுக் கழன்று, சட்டைக்குள் முன்னால் புடைத்தது. முகம் தரையில் மோதி உதடு கிழிந்தது. கதவண்ணன் இன்னும் பிடியை விடவில்லை. விடவேண்டும் என்று கைக்கு உறைக்கவில்லை. அக்கா கிடந்தபடியே அவர் முட்டியில் எட்டி உதைத்தார்.

"விடுடா! கொலைகாரப் பாவி, விடு!"

ஆஸ்பத்திரியில் மூட்டைத் திரும்ப உட்காரவைத்தபோது அக்கா அலறியது வராந்தாவரை வந்தது. வராந்தாவில் நின்றவர் தன் இடக்கையைச் சுவரில் ஓங்கி ஓங்கிக் குத்தினார். பிறகு ஒரு ஊழியர் வந்து, "சார், சுவர் எங்களோடது" என்றார்.

மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இரண்டாம் வகுப்புக்கு இனி நீங்க வேணாம்ணே. அவங்களே வந்து சரின்னு சொன்னா பார்ப்போம்." கீழ் வகுப்புப் பெண்களும் அவர் கையை நீட்டினால் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார்கள்.

வீட்டில் அவர் தங்கையும் விடவில்லை. "அண்ணே, உன் கையால உருப்படியா நடந்தது அந்த ஆட்டம் ஒண்ணுதான். அதையும் ஒடச்சிட்டு வந்துட்டே."

கட்டுப்போட்ட கையோடு சலூனில் உட்கார்ந்திருந்த கத்தரியக்காவைப் பார்க்கப் போனார். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வா. இங்கயும் கதவு இருக்கு, இன்னொண்ணு வேணாம்" என்றார் அக்கா. "அந்த நேரத்துல உனக்கு என்னய்யா தோணுச்சு?"

"தப்பிச்சு ஓடறாப்ல தோணுச்சுங்க."

"ஆடறப்போ யாருய்யா ஓடுவா?"

அக்கா கண்ணாடியில் தன் கிழிந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் கை சரியாகட்டும். அதுவரைக்கும் நீ ஒருத்தன் கையையும் முறுக்கக்கூடாது. அப்படி இருந்தா நானே மாஸ்டர்கிட்ட பேசறேன்."

"கிளப்லயுமா?"

"கை ஒண்ணுதானே?"

சரியென்று தலையாட்டினார். வாசல்காரருக்கு இது கத்தியில்லாமல் கசாப்புக்கடை நடத்துகிற மாதிரி. வீட்டில் அலமாரிக் கதவின் கைப்பிடியைப் பிடித்து, பின்னால் சாய்ந்து, முறுக்காமல் இருக்கப் பழகினார். கதவு கீலோடு பெயர்ந்து அவர்மேல் விழுந்தது. தங்கை ஓடிவந்து, "சொந்தக்காரனையும் விட்டு வைக்க மாட்டியா?" என்றாள்.

வாசலில் அடி வாங்க ஆரம்பித்தார். குடிகாரர்களை இரண்டு கையாலும் அணைத்து, சுமந்து, கீழே கொண்டுபோய் விட்டார். சுமக்கும்போது குத்தினார்கள், கடித்தார்கள். ஒருவன் நெற்றியால் மோதியதில் முன்பல் பாதி போனது. அதைத் துப்பிவிட்டு அவனைத் தெருவில் பத்திரமாக உட்காரவைத்தார். முதலாளிக்கு வயிறு எரிந்தது.

"உன்னை வாசலுக்கு வச்சிருக்கேனா, தூணா நட்டு வச்சிருக்கேனா?"

"தூண் யாரையும் முறுக்காதுங்க."

அக்காவின் கட்டு அவிழ்ந்த வாரம் அது நடந்தது. சாயங்காலம், விளக்குகூடப் போடவில்லை. மோதிரம் மோதிரமாகப் போட்ட ஒருவன் இரண்டு கூட்டாளிகளுடன் குடித்துக்கொண்டிருந்தான். மது கொண்டுவந்த பெண் ஏதோ பதில் சொல்லிவிட்டாள். எழுந்து அவள் முடியைச் சுற்றிப் பிடித்து, முகத்தை மேசையில் மோதினான். மறுபடியும் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் மேசை விளிம்பு வழியாகச் சொட்டியது.

கதவண்ணன் வந்தார். அவனுடைய வலது மணிக்கட்டை இடக்கையால் பிடித்து அமுக்கியதில் முடி விடுபட்டது. அந்தப் பெண் தவழ்ந்து நகர்ந்தாள். கூட்டாளிகள் முதுகில் நாற்காலியை உடைத்தார்கள். திரும்பாமல், மோதிரக்காரனை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அவன் மறு கையில் இருந்த பாட்டிலைச் சுவரில் உடைத்து, தன்னைப் பிடித்த கையில் இறக்கினான். மணிக்கட்டுக்கு மேலே சதை வாய் பிளந்தது. இரண்டாவது வெட்டில் உள்ளே வெள்ளையாக ஏதோ அறுந்தது. அப்போதும் பிடி விடவில்லை.

படிக்கட்டின் உச்சியில் மோதிரக்காரன் தப்பிக்க மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்தான். அவனுக்குப் பின்னால் படிகள். முறுக்கு என்றது கை. கதவண்ணன் முறுக்கவில்லை. விட்டார்.

அவன் படியைத் தொடாமலே பாதி தூரம் போனான். இடுப்பு முதலில் விழுந்தது, பிறகு தாடை இரும்புக் கைப்பிடியில். அந்தப் பச்சைக் குச்சிச் சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டது. கீழே கிடந்தவனின் ஒரு கால், வேறு யாருடையதோ போலத் திரும்பியிருந்தது.

போலீஸ் வந்தது, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தது, பாட்டிலைப் பார்த்தது, கீழே கிடந்தவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. கதவண்ணனின் இடக்கையைத் தைத்தார்கள். மூன்று விரல்களை இனி மடக்க முடியாது என்றார்கள்.

கத்தரியக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் கிடந்தவர் முந்திக்கொண்டார்.

"முறுக்கலைங்க. சத்தியமா முறுக்கலை. விட்டேன், அவ்வளவுதான்."

"விட்டா எங்க போய் விழுவான்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

கதவண்ணன் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"தெரியும்."

"முறுக்கியிருந்தா மண்டி போட்டிருப்பான். எங்கிட்ட குடுத்த வாக்கைக் காப்பாத்த ஒருத்தனைப் படியில உருட்டியிருக்கே." அக்கா தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டத்துல விடறது இப்படியாய்யா? விட்டாலும் கை அங்கேயே நிக்கணும், வர்றவங்களுக்கு. என் கையை இனி உங்கிட்ட குடுக்க முடியாது."

போய்விட்டார். கதவண்ணன் அன்று சாப்பிடவில்லை. தங்கை கிண்டல்கூடச் செய்யவில்லை.

பிறகு ஒருநாள் அக்கா வீடு தேடி வந்தார். அவருடைய வலக்கை காதுக்கு மேலே ஏறாமலே நின்றுவிட்டது. வாடிக்கையாளரின் நாற்காலியைத் தாழ்த்தித்தான் வெட்டுகிறார். இரண்டாம் வகுப்பில் வெளியே போகிறவர் வலக்கையைத் தலைக்குமேல் தூக்கிச் சுழல வேண்டும், அது இனி அக்காவால் முடியாது. ஆனால் நடத்துகிறவருக்கு வேண்டியது இடக்கை. அது அக்காவுக்கு நன்றாக இருந்தது.

"எழுந்து வா. நான் நடத்தறேன். உன் வலக்கையைக் குடு."

"நானா? வெளிய போறதா? அது பொம்பளைங்க..."

"தெரியாதுன்னு பொய் சொல்லாம தெரியும்னு சொன்னியே, அதுக்காக வந்தேன். பிகு பண்ணினா திரும்பிப் போயிடுவேன்."

"போண்ணே" என்றாள் தங்கை. "இத்தனை வருஷம் ஊரையே வெளிய அனுப்பினே. நீ ஒரு தடவை போய்ப் பாரு."

அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே அக்கா அவரை அனுப்பினார். அவர் பயந்து அக்காவின் விரல்களை நசுக்கினார். முட்டியில் உதை விழுந்தது. மறுபடி அனுப்பினார், மறுபடி உதை. பாட்டிலுக்கு நடுங்காதவர், தன் எடையை இன்னொருவர் கையில் சாய்க்க நடுங்கினார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார். விழவில்லை. அக்கா பல்லைக் கடித்துத் தாங்கினார். அந்த விறைப்பிலிருந்து அவர் திரும்பி வந்தபோது, ஓர் ஆள் எவ்வளவு நம்பினால் அப்படிச் சாய முடியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதார்.

மாஸ்டரிடம் கத்தரியக்காவே பேசினார்.

இப்போது கதவண்ணன் வாசல் வேலையை விட்டுவிட்டு ஒரு மரச்சாமான் கடையின் கிடங்கில் வேலை பார்க்கிறார். ஞாயிறு பிற்பகல்களில் இரண்டாம் வகுப்பில் கத்தரியக்கா நடத்த, அவர் ஆடுகிறார். வேறு யாரும் இன்னும் அவரை ஆட அழைப்பதில்லை.